பினாங்கில் நாய் அடிபட்டுக் கிடக்கிறது, இரவோடு இரவாகக் கிள்ளானுக்குக் கொண்டுபோகலாமா?

கிள்ளான்வாசி (தைப்பூசத்துக்கு முதல் நாள், இரவு 8.10)

அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தைப்பூசத்துக்காக ஆயிர் ஈத்தாமில் மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ரோசியையும் கூட்டி வந்தோம். கலப்பினம், ஏழு வயது, 18 கிலோ. பக்கத்துத் தெருவில் யாரோ சீனப் புத்தாண்டு வெடியைக் கொளுத்த, மிரண்டு கேட் வழியே ஓடி ஒரு காடியில் அடிபட்டுவிட்டாள். பின்னங்கால் ஒன்று தொங்குகிறது. தொடையில் தோல் உரிந்து சதை தெரிகிறது. மூச்சு வேகமாக வாங்குகிறது. எழ முடியவில்லை, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறாள்.

இந்த ஊரில் எனக்கு எந்தக் கால்நடை டாக்டரையும் தெரியாது. மாமனார் சொன்ன இரண்டு கிளினிக்கும் விடுமுறை. மைத்துனர் இப்போதே காடியில் போட்டுக் கிளம்பச் சொல்கிறார். நம்ம ஊர் டாக்டர் ரோசியைக் குட்டியிலிருந்து பார்ப்பவர், இல்லாவிட்டால் செர்டாங் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது என்கிறார். கிளம்பலாமா?

ஜெலுத்தோங் அக்கா (8.14)

தம்பி, கிளம்பாதீங்க. 350 கிலோமீட்டர், விடுமுறை நெரிசல் வேறு. வழியில் மூச்சு நின்றால் நெடுஞ்சாலையில் யாரைப் பிடிப்பீர்கள்? தாப்பா ஓய்வுத்தலத்தில் சாப்பாட்டுக் கடையும் சூராவும் (தொழுகை அறை)தான் இருக்கும், கால்நடை டாக்டர் இருக்கமாட்டார்.

தீவிலேயே இரவில் பார்க்கும் கிளினிக் உண்டு. நம்பரைத் தனி மடலில் அனுப்பிவிட்டேன். முதலில் போன் போட்டு "டாக்டர் இப்போது உள்ளே இருக்கிறாரா" என்று கேளுங்கள். சில இடங்களில் 24 மணி நேரம் என்று பலகை இருக்கும், டாக்டர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அடிபட்ட நாய் வருகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிட்டால் நீங்கள் போய்ச் சேரும்போது ஆக்சிஜன் தயாராக இருக்கும்.

எந்த வழி திறந்திருக்கிறது என்று அவர்களிடமே கேட்டுப் போங்கள். டத்தோ கெராமாட், ஜாலான் உத்தாமா பக்கமே வேண்டாம். தண்ணீர்ப்பந்தலும் கூட்டமும் நிற்கும், ரதம் போகும் நாள்.

செர்டாங் மாணவி (8.17)

அண்ணா, நான் யுபிஎம்மில் (அதே செர்டாங் பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவம் படிக்கிறேன், கடைசி வருஷம். அக்கா சொல்வதுதான் சரி. கிளம்பும் முன் இதை மட்டும் பாருங்கள்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியே கிடந்தாலோ, திரும்ப நேரம் எடுத்தாலோ உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. டாக்டரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

காயத்தின் மேல் சுத்தமான துணியை ஈரமாக்கிப் போடுங்கள். ரத்தம் வந்தால் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். மஞ்சள், காபித்தூள், டெட்டால் எதுவும் வேண்டாம். திறந்து மட்டும் போடாதீர்கள், நம்ம வெயிலில் ஈ சில மணி நேரத்திலேயே முட்டை வைத்துவிடும். காலுக்குக் குச்சி வைத்துக் கட்டாதீர்கள். உடைந்த எலும்பை வீட்டில் கட்டப்போனால் முனை இன்னும் சதையைக் கிழிக்கும்.

பெனடோல் கொடுக்காதீர்கள். ஐபுபுரோஃபென் கூடவே கூடாது. மனிதனுக்கான வலி மாத்திரை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வயிற்றில் ரத்தம் கசியவும் வைக்கும். சோறு, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். மயக்க ஊசி தேவைப்படலாம்.

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் (8.19)

தூக்கும்போது கவனம். நம்ம நாய் நம்மைக் கடிக்காது என்று நினைக்காதீர்கள், வலியில் எது வேண்டுமானாலும் நடக்கும். அதற்காக வாயையும் கட்டாதீர்கள், மூச்சு வாங்கும் நாய்க்கு அது ஆபத்து. தலைப்பக்கம் தடித்த துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் பலகையில் நகர்த்துங்கள். அலமாரித் தட்டு, பழைய மேசைப்பலகை எதுவானாலும் சரி.

கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மனித மருத்துவமனைக்கும் போங்கள். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் வந்து எத்தனை நாய்களைக் கொன்றார்கள் என்று இங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. தடுப்பூசிப் புத்தகம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ மாமா (8.31)

எல்லாரும் போகாதே போகாதே என்கிறீர்கள். எங்கள் வீட்டு நாய் முதுகில் அடிபட்டபோது ஈப்போவிலிருந்து செர்டாங் வரை காடியில் கொண்டுபோய்த்தான் காப்பாற்றினோம். எலும்பு அறுவைக்கு அனுபவமுள்ள கையும் கருவியும் அங்கே இருக்கிறது. சின்ன கிளினிக்கில் வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்தால் கால் போய்விடும்.

செர்டாங் மாணவி (8.36)

மாமா, உங்கள் நாயை அடிபட்ட உடனே ஏற்றினீர்களா, இல்லை ஈப்போவில் யாராவது முதலில் பார்த்தார்களா?

ஈப்போ மாமா (8.40)

ஈப்போ டாக்டர் ஒரு ராத்திரி டிரிப் ஏற்றி வைத்திருந்தார். மறுநாள் அவரே கடிதம் எழுதி, செர்டாங்குக்குப் போனும் போட்டுக் கொடுத்தார்.

செர்டாங் மாணவி (8.52)

அதனால்தான் மாமா, உங்கள் நாய் பிழைத்தது. நாமும் அதைத்தான் இந்த அண்ணாவுக்குச் சொல்கிறோம்.

காடியில் அடிபட்ட நாய் முதல் சில மணி நேரத்தில் கால் உடைந்ததால் சாவதில்லை. வயிற்றுக்குள் கசியும் ரத்தமும், நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து நுரையீரலை விரியவிடாமல் அழுத்தும் காற்றும்தான் உயிரை எடுக்கும். நெஞ்சில் காற்று சேர்ந்தால் ஊசி வைத்து உறிஞ்ச வேண்டும். அதைச் சாதாரண கிளினிக்கிலேயே செய்யலாம், ஓடும் காடியில் செய்ய முடியாது. நுரையீரல் நசுங்கியிருந்தால் முதல் ஒன்றிரண்டு நாளில் இன்னும் மோசமாகிவிட்டுத்தான் தேறும். அந்த நேரத்தில் மயக்கம் கொடுத்து எலும்பில் தகடு வைக்க எந்த டாக்டரும் அவசரப்படமாட்டார். எலும்பு சில நாள் காத்திருக்கும். வெளியே துருத்திய எலும்பு மட்டும் விதிவிலக்கு, அதற்கு உடனே கழுவலும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும், அதையும் பக்கத்திலேயே செய்துவிடலாம்.

கிள்ளான்வாசி (இரவு 11.25)

கிளினிக்கில் இருக்கிறோம். ரோசி உயிரோடு இருக்கிறாள்.

பலகை கொண்டுவந்தது பக்கத்து வீட்டு பக்சிக், முஸ்லிம் பெரியவர். மழைக்கோட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் அவரே தூக்கினார். நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் அவருக்குச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது, அதற்காக விலகி நிற்கவில்லை. "இது முதலில், அது பிறகு" என்று மலாயில் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் மோட்டாரில் போய் வழி எடுத்துக் கொடுத்தார். மாமியார் ஒரு மணி நேரமாக அவரைப் பற்றியே பேசுகிறார்.

டாக்டர் முதலில் காலைத் தொடவே இல்லை. முகத்தருகே ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு, முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி இறக்கி டிரிப் ஏற்றினார், வலிக்கு மருந்து கொடுத்தார், வயிற்றை ஸ்கேன் பார்த்தார். அப்புறம்தான் எக்ஸ்ரே. தொடை எலும்பு இரண்டு துண்டு, இடுப்பெலும்பிலும் விரிசல். நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று, ஊசியால் எடுத்தார். கால் விரலை இடுக்கியால் நெருக்கியபோது ரோசி திரும்பிப் பார்த்து முனகினாள். அது நல்ல செய்தி என்றார், நரம்பு வேலை செய்கிறதாம்.

கெட்ட செய்தி, ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. இவ்வளவு நாள் எந்த அறிகுறியும் இல்லை. பிளேட்லெட் குறைவு, ரத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. காலைக்குள் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், கொடையாளி நாய் கிடைக்குமா என்று கேட்கிறார். இந்த ஊரில் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

பழைய தோட்டத்தான் (11.41)

தம்பி, மனசு நோகச் சொல்லவில்லை. தோட்டத்தில் நாங்கள் நாய்களோடு வளர்ந்தவர்கள். லோரியில் அடிபட்டு நாள்கணக்கில் கத்திச் செத்த நாயையும் பார்த்திருக்கிறேன். இடுப்பும் தொடையும் உடைந்து, ரத்தமும் இல்லை என்றால் ஊசி போட்டுத் தூங்க வைப்பதும் அன்புதான். அதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா (11.50)

ஐயா, நீங்கள் சொல்வதில் தப்பில்லை. நானே தெருநாய்களோடு அந்த முடிவுக்குப் பலமுறை பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுக்க இந்த ராத்திரி நேரம் இல்லை. வலிக்கு மருந்து ஏறிவிட்டது, விரலில் உணர்ச்சி இருக்கிறது, மூத்திரப்பை கிழிந்ததா என்று இன்னும் தெரியாது. தம்பி, டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எது நடந்தால் நிறுத்திவிடச் சொல்வீர்கள்?" இப்படிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். கையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சொன்னால் இன்று ராத்திரிக்கு எது அவசியம், எது தள்ளிப்போடலாம் என்று பிரித்துத் தருவார்கள். தகடு அறுவை சில ஆயிரம் வெள்ளி ஆகும், அது இன்றைக்கு இல்லை. எஸ்பிசிஏவை (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) தேடி ஜாலான் ஜெட்டிக்கு ஓடாதீர்கள், அது இரவு அவசரத்துக்கான இடம் இல்லை.

செர்டாங் மாணவி (11.58)

கொடையாளி நாய் 25 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது. ஒன்றிலிருந்து ஏழு வயதுக்குள், தடுப்பூசி போட்டு, உண்ணிக்கு மருந்து தவறாமல் கொடுக்கப்பட்டு, இதுவரை ரத்தம் ஏற்றிக்கொள்ளாத நாயாக வேண்டும். மனிதர்களுக்கு இருப்பதுபோல் பிறவியிலேயே வலுவான எதிர்ப்பணுக்கள் நாய்களுக்கு இருப்பது அரிது, அதனால் முதல் முறை ஏற்றும் ரத்தம் பெரும்பாலும் ஒத்துப்போகும். இருந்தாலும் இரண்டு நாயின் ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கொடையாளியின் ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் நம்ம நாட்டில் ரொம்ப சாதாரணம். எர்லிக்கியா, பபேசியா இரண்டும் உண்ணி வழியாக வந்து, வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்பில் கிடக்கும். பிளேட்லெட் குறைந்த நாயை அப்படியே அறுவை மேசையில் போட்டால் ரத்தம் உறையாது. டாக்டர் முதலில் ரத்தம் பார்த்தது நல்ல டாக்டர் என்பதற்கு அடையாளம்.

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன் (நள்ளிரவு 12.06)

எங்கள் ரோட்வெய்லர் 42 கிலோ, நான்கு வயது. ஊசி, உண்ணி மருந்து எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கிளினிக் எந்தப் பக்கம் என்று அனுப்பு தம்பி. இந்த நேரத்தில் தீவுக்கு வரும் பாலம் காலியாகத்தான் இருக்கும். மனைவியும் வருகிறாள், அவள் பக்கத்தில் இருந்தால்தான் அவன் அசையாமல் படுப்பான்.

கிள்ளான்வாசி (தைப்பூசத்தன்று, காலை 6.15)

அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முகம் தெரியாத எங்களுக்காக நடுராத்திரியில் நாயோடு பாலம் தாண்டி வந்தார்.

அவர்கள் ரோட்வெய்லர் மேசையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டான், அண்ணி காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். கழுத்தில் கொஞ்சம் மயிரை மழித்து, பெரிய ரத்தக்குழாயில் ஊசி வைத்து ரத்தம் எடுத்தார்கள். பை கீழே ஒரு சின்னத் தராசில் கிடந்தது. ரத்தம் கட்டிவிடாமல் இருக்க உதவியாளர் பெண் அதைக் கையால் மெல்ல ஆட்டிக்கொண்டே, எடை ஏற ஏற எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவனுக்கு ஒரு டின் சாப்பாடு. முழுதும் நக்கிவிட்டு ரோசியின் கூண்டை முகர்ந்து பார்த்தான்.

ரத்தம் ஏறிய பிறகு ரோசியின் ஈறில் நிறம் வந்திருக்கிறது. மூத்திரமும் போயிருக்கிறாள்.

செர்டாங் மாணவி (6.40)

மூத்திரம் போனது நல்லது அண்ணா. ஆனால் மூத்திரப்பையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் நாய் மூத்திரம் போகும், அதனால் ஒன்றிரண்டு நாள் வயிறு உப்புகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் மருந்தையும் பாதியில் நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

கிள்ளான்வாசி (அதே வாரம்)

நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, பிளேட்லெட் ஏறுகிறது. இப்போதுதான் பழைய கேள்வி: தகடு இங்கே வைப்பதா, ஊருக்குக் கொண்டுபோவதா? இங்குள்ள டாக்டர் இரண்டுக்கும் சரி என்கிறார். வேலைக்குத் திரும்ப வேண்டும், அறுவைக்குப் பிறகு அடிக்கடி காட்டவும் வேண்டும். ஈப்போ மாமா, நீங்கள் எப்படிக் கொண்டுபோனீர்கள்?

ஈப்போ மாமா

இப்போது கொண்டுபோ தம்பி. எக்ஸ்ரேயைத் தாளில் வாங்காதே, கணினிக் கோப்பாகவே வாங்கு. என்ன மருந்து எந்த நேரத்தில் கொடுத்தார்கள் என்று டாக்டர் கையால் எழுதிய கடிதமும் வேண்டும். செர்டாங்கில் நாள் கேட்டு, யார் பார்க்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டு கிளம்பு. கதவைத் தட்டினால் காத்திருக்க வேண்டும், அங்கே கூட்டம் அதிகம்.

கம்பிக் கூண்டு, திரும்பிப் படுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். பெரிய கூண்டானால் பிரேக் போடும்போது சரியும். அடியில் தடித்த போர்வை, அதன் மேல் குழந்தைப் பாய். காலையில் வலி மருந்து கொடுத்துவிட்டு வெயில் ஏறும் முன் கிளம்பு. சுங்கை பேராக், தாப்பா இரண்டிலும் நிறுத்து. ஏர்கானை நிறுத்தாதே, காடியை விட்டு எல்லாரும் இறங்காதே. ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் அக்கா

கழுத்துப்பட்டையில் நகராட்சி லைசென்ஸ் வில்லையும் உங்கள் நம்பரும் இருக்கட்டும். கிள்ளானில் எடுத்ததுதான் என்றாலும் பரவாயில்லை. வழியில் தப்பித்து ஓடினால் யாருடைய நாய் என்று கேட்க அது ஒன்றுதான் இருக்கும். மைக்ரோசிப் இல்லையென்றால் அறுவை மயக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

பழைய தோட்டத்தான்

தம்பி, ஒன்று கேட்கிறேன். இடுப்பெலும்புக்கும் தகடு வைக்கப் போகிறார்களா?

கிள்ளான்வாசி (சில வாரம் கழித்து)

ஐயா, கேட்டதற்கு நன்றி. இடுப்புக்கு ஒன்றும் வைக்கவில்லை. எடை தாங்கும் பகுதியில் விரிசல் இல்லையாம், கூண்டு ஓய்விலேயே கூடிவிடும் என்றார்கள். தொடைக்கு மட்டும் தகடு. தொடை எலும்புக்கு மாவுக்கட்டு சரிப்படாது, மேல் மூட்டை அசையாமல் பிடிக்க அதனால் முடியாது என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

வீட்டில் படும் பாட்டைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் மூத்திரத்துக்கு வெளியே நடத்துகிறோம். வழவழத் தரையில் கால் சறுக்கியதால் ஹால் முழுக்க ரப்பர் பாய். தொடையில் தோல் உரிந்த இடம்தான் எலும்பைவிட அதிக வேலை வைத்தது. கட்டு மாற்ற மாற்ற, ஓரத்திலிருந்து புதுத்தோல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கழுத்துக் கூம்பைக் கழற்றிய முதல் நாளே தையலை நக்கிவிட்டாள், மறுபடி மாட்டிவிட்டோம்.

நேற்று நாலு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். மைத்துனர் பினாங்கிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

புக்கிட் மெர்தாஜாம் அண்ணன்

ரொம்ப சந்தோஷம் தம்பி. அடுத்த தைப்பூசத்துக்கு வந்தால் வீட்டுக்கு வாங்க. வெடிச் சத்தம் கேட்காத அறை ஒன்று இருக்கிறது, இரண்டு பேரையும் அங்கே விடலாம்.

கெப்போங் மகள்

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். அப்பா அம்மா தைப்பிங்கில் இருக்கிறார்கள், நான் கேஎல்லில் (கோலாலம்பூர்). சற்று முன் அப்பா நாயை மோட்டார் இடித்துவிட்டதாகச் சொன்னார். நடக்கிறதாம், சாப்பிட்டதாம், ஆனால் ஒரு பக்கமே படுக்கிறதாம். நாளை காலை நான் போய்ப் பார்க்கலாமா?

கிள்ளான்வாசி

தங்கச்சி, நீங்கள் போகும் வரை காத்திருக்க வேண்டாம். நடக்கிற நாய்க்கும் உள்ளே அடி இருக்கலாம். அப்பாவை இப்போதே ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள், மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது 35க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். எண்ணிக்கை எப்படி இருந்தாலும் இன்றே தைப்பிங்கில் ஒரு டாக்டரிடம் காட்டட்டும். இனிமேல் சாப்பாடு கொடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். தைப்பிங் பக்கம் யார் இருக்கிறீர்கள்? திறந்திருக்கும் கிளினிக் நம்பரை இவருக்கு அனுப்புங்கள்.

ஜெலுத்தோங் அக்கா

அனுப்பிவிட்டேன். டாக்டர் ஏழு மணி வரை இருப்பாராம், நானே போன் போட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன்.